கேட் பாஸ் இல்லாத ஆவாரம்பூ

செங்கமலத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் தரை துடைக்கிற வேலை. துடைத்த ஈரம் காய்வதற்குள் கால் வைத்தால் மேனேஜராக இருந்தாலும் அவளிடம் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் கோபம் அடங்குகிற இடம் ஒன்றே ஒன்று. கேன்டீனுக்குப் பின்னால், காம்பவுண்டுக்குள், இன்னும் கட்டடம் எழும்பாமல் கிடக்கிற மேடு.

சில வருஷம் முன்புவரை அந்த மேடு அவளுடையது. வேர்க்கடலை போட்டு மாரடித்த காலத்தில் ஆவாரையைக் களை என்று வேரோடு பிடுங்கிப்போட்டவள் அவள்தான். கம்பெனி நிலத்தை எடுத்துச் சும்மா போட்டு வைத்ததும், தை பிறக்கிற நேரத்தில் மேடு முழுக்க மஞ்சள். இடையிடையே தும்பையும் பூளையும் வெள்ளை வெள்ளையாக. சாப்பாட்டு வேளையில் தூக்குச்சட்டியோடு போய் நடுவில் உட்கார்ந்துவிடுவாள். சுற்றிலும் தேனீ இரையும். அங்கே மோர்ச்சோறும் தனியாக ருசிக்கும். மனசு குளிர்ந்த மறு நிமிஷமே, 'எவன் ஊட்டுப் பூவோ ஆயிட்டுதே' என்று பற்றிக்கொண்டும் வரும்.

2004 போகியன்று, மாட்டுக்கு மாலை கட்ட ஆவாரம்பூ ஒரு கட்டு பறித்துப் பையில் வைத்துக்கொண்டாள். ஷிப்ட் முடிந்து போகும்போது கேட்டில் பையைத் திறந்து காட்ட வேண்டும். காவலுக்கு நின்றவன் மோகன், அவள் ஓரகத்தியின் மகன்.

"இன்னா பெரிம்மா இது? உள்ள கீற பொருள் கேட் பாஸ் இல்லாம வெளிய போவக் கூடாது."

"பொருளா? பூடா இது!"

"ஆபீசர் பாத்துக்கினு கீறாரு பெரிம்மா. என் வேல பூடும்."

கண்ணாடி அறையிலிருந்து செக்யூரிட்டி ஆபீசரே வந்துவிட்டார். "திருப்பிக் கொண்டுவர்ற பொருளா, திரும்பாத பொருளா? எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு வா. இல்லன்னா குப்பையில போட்டுட்டுப் போ." கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அதில்தான் அவளுக்கு வயிறு எரிந்தது.

"என் நெலத்த எடுத்துக்கினீங்களே சார், அது திரும்புற பொருளா, திரும்பாத பொருளா?"

வரிசை சலசலத்தது. வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பின்னால் நின்ற பாண்டிச்செல்வி, அசெம்பிளி லைனில் வேலை செய்கிற திருநெல்வேலிப் பெண். தலை நிறைய மல்லிகை. அவள் காதோடு சொன்னாள்: "யக்கா, தலையில வச்சிருக்கத யாரும் கேக்க மாட்டாவ. எங்கிட்ட தாங்க, நான் வச்சிட்டுப் போயி வெளிய தாரேன்."

நல்ல யோசனைதான். செங்கமலம் அவளிடம் ஹேர்பின்னை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

புருஷன் செத்த நாளிலிருந்து அவள் தலையில் பூ ஏறியதில்லை. நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவர்கள் அவள் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஊர் அது. ஆவாரங்கொத்தை எடுத்துக் கொண்டையில் குத்தினாள். காதோரம் ஒன்று, பின்னால் ஒன்று, கட்டு தீரும்வரை குத்தினாள். காலிப் பையை மேசை மேல் உதறிக் காட்டினாள்.

"பெரிம்மா, வாணாம். ஊர்ல இன்னா பேசுவாங்கோ?" மோகன் குனிந்து கிசுகிசுத்தான்.

"பேசட்டும். என் தலைல கீற பூவுக்கு எவன் கையெழுத்துப் போடணும்னு உங்க ஆபீசரக் கேளு!"

ஆபீசர் அடுத்த ஆளின் பையைத் திறக்கச் சொன்னார்.

தெரு முழுக்கப் பார்க்க நடந்து போனாள். முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொள்ளவில்லை. வீட்டில் கொத்துக் கொத்தாகக் கழற்றி, மாட்டுப் பொங்கலுக்கென்று ஈரத்துணியில் சுற்றி வைத்தாள்.

ஒரு கொத்தை மட்டும் தலையிலேயே விட்டுவிட்டாள்.