கிழக்குப் பக்கத்து மண்

பரசுராமனுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதே பாதியில் எழுந்துபோய் மோட்டாரைப் பார்த்துவிட்டு வருகிற மனுஷன். கீழ்பென்னாத்தூர் ரோட்டோரம் மூன்று ஏக்கர் மக்காச்சோளக் கொல்லை. அப்பா விட்டுப்போனது, தம்பி பிரகாஷுக்கும் சேர்த்துப் பொது. தம்பிக்கு ரமணாசிரமம் பக்கம் காபிக் கடை. அவன் பாகம் கேட்ட நாளிலிருந்து அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று.

ஊர் வழக்கப்படி மூத்தவர் பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுத்துக்கொள்வான். கிழக்குப் பாதி, மேற்குப் பாதி என்று பிரித்தாயிற்று. ஆனால் கிழக்கில்தான் அவர் வருஷா வருஷம் ஏரி வண்டலைக் கொட்டி, ஆட்டுக்கிடை போட்டு மண்ணைத் தேற்றியிருந்தார். மேற்கு வெறும் களர். கிழக்கு கைவிட்டுப் போனால் தொலைந்தோம் என்று துடித்தார்.

"சண்டையே வேணாம்ணா. ரெண்டு பக்கத்து மண்ணையும் டெஸ்ட்டுக்குக் குடுப்போம். நீயே எடுத்துக்கினு போ," என்றான் பிரகாஷ்.

ஒவ்வொரு பாதியிலும் பத்து இடத்தில் அரையடி ஆழம் வெட்டி, மண்ணைக் கலந்து, கிழக்கு, மேற்கு என்று சீட்டெழுதித் தனித்தனிப் பையில் கட்டினார். மண் பரிசோதனை நிலையத்துக்கு, வேங்கிக்கால் போகிற பஸ்ஸில் கை சும்மா இருக்குமா? இரண்டு பைகளின் சீட்டையும் மாற்றிக் கட்டினார். மேற்குதான் நல்ல மண் என்று முடிவு வரும், தம்பி அதைத் தூக்கிக்கொள்வான், கிழக்கு தனக்கு. அதோடு நிம்மதி வந்ததா என்றால், அதுதான் இல்லை. வரப்பிலேயே நடையாய் நடந்தார்.

"இன்னாங்க, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திக்கினே இருக்கீங்க?" என்றாள் மனைவி பொன்னி.

முடிவு வந்தது. பிரகாஷ் கொல்லையிலேயே நின்று செல்போனில் படித்தான். "மேற்கால சத்து ஜாஸ்தியாம். கிழக்கால எல்லாமே கம்மி, உப்பு வேற."

"அப்ப எதடா எடுத்துக்கற?" என்றார் பரசுராமன், வரப்பில் நடந்துகொண்டே.

"கிழக்க எடுத்துக்கறேண்ணா. இத்தினி வருசமா இதுல பாடுபட்டவன் நீ. நல்லது உனக்கு."

அட கடவுளே! வாயைத் திறந்தால் தன் திருட்டு அம்பலம். திறக்காவிட்டால் மண் போச்சு. அவருக்குக் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. வெட்கமா, வயிற்றெரிச்சலா, அவருக்கே தெரியவில்லை.

தம்பி ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டான். "இன்னாண்ணா இது, சின்னப் புள்ளையாட்டம்? நான் சிமெண்ட் தரை போட்டு குடோன் கட்டப் போறேன். அதுக்கு எதுக்குண்ணா நல்ல மண்ணு?"