பூனை சிஸ்டரும் கனிஷாவும்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பூனை சிஸ்டர் என்று பெயர். நடந்தால் சத்தம் வராது. மூக்குக்கு நேரே வந்து நின்ற பிறகுதான் ஆள் வந்திருப்பதே தெரியும். ஆண்கள் வார்டில் திருட்டுத்தனமாக சிகரெட் பற்றவைக்கிறவர்கள், "வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை இருமிட்டு வாங்க சிஸ்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சுவார்கள்.

இருபது வருஷத்துக்கு மேல் அதே வார்டு. எத்தனையோ சாவுகளைப் பார்த்தவள். இறந்தவரின் கண்ணை மூடிவிட்டு, முகத்தைத் துடைத்துவிட்டு, விரிப்பை மாற்றச் சொல்லிவிட்டுப் போய் டீ குடிக்கத் தெரிந்தவள். கல்நெஞ்சம் என்று சொல்ல முடியாது. அந்த வேலையில் காலம் தள்ள வேண்டுமென்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவளை ஒரு மாலுமி பிடித்துக்கொண்டான்.

துறைமுகம் பக்கத்தில் இருந்ததால் அவ்வப்போது கப்பல்காரர்கள் வந்து படுப்பதுண்டு. இவனைக் கொண்டுவந்து சேர்த்தது ஒரு கப்பல் ஏஜென்ட். நுரையீரலில் சளி கட்டி மூச்சு இரைத்தது. மரம் தூக்குகிறவன் மாதிரி தோள்கள். அந்தத் தோள்களால் கட்டிலில் ஒருக்களித்துப் படுக்கக்கூட முடியவில்லை. "ஸ்பானிஷ்காரர் சிஸ்டர், கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஏஜென்ட் போய்விட்டார். கப்பலும் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. வார்டின் கோடியில்தான் ஒரு படுக்கை காலியாக இருந்தது. ஜன்னல், கைகழுவும் தொட்டி, வெளியே போகும் கதவு எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் மூலை அது.

முதலில் உடைந்த ஆங்கிலத்தில் பேசினான். வலி, தண்ணீர், தேங்க்யூ. காய்ச்சல் ஏற ஏற ஆங்கிலம் கழன்றுகொண்டது. அடியில் கிடந்த சொந்த மொழி மட்டும் மிஞ்சியது.

அன்று மத்தியானம் முழுக்க ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். "செர்ரா லா கனிஷா." கையைத் தூக்கி மூலையைக் காட்டுவான். கை தானாக விழுந்துவிடும். மறுபடி, "கனிஷா." ஒரு சின்ன நர்ஸ் மொழிபெயர்க்கும் போனை அவன் வாயருகே பிடித்துப் பார்த்தாள். ஆக்ஸிஜன் மாஸ்க்கின் இரைச்சலில் அது ஏதோ படகு, ஏதோ செருப்பு என்று உளறியது. பூனை சிஸ்டர் தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜன்னலைச் சாத்தினாள், திறந்தாள். எதற்கும் அவன் முகம் தெளியவில்லை. கடைசியில் அவளுக்கு ஒரு யோசனை தட்டியது. அவன் காட்டுவது கதவை. கனிஷா என்பது பெண்ணின் பெயர். அந்தப் பெண் கதவைத் திறந்துகொண்டு வருவாளா என்று கேட்கிறான்.

குனிந்து அவன் காதருகே, "வருவாங்க, கனிஷா வருவாங்க" என்றாள். அவன் அவளையே பார்த்தான். கண்ணில் நீர் கோத்தது. பிறகு பேசவில்லை.

மறுநாள் காலை, மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு திடீரென்று முட்டி, டாக்டர் ஓடிவருவதற்குள் போய்விட்டான்.

ஏஜென்ட் வந்தபோது, "அவர் சம்சாரத்துக்குச் சொல்லியாச்சா? கனிஷான்னு பேரு" என்று கேட்டாள்.

"அவருக்கு அம்மா மட்டும்தான் சிஸ்டர். கல்யாணமே ஆகலை. கனிஷான்னு யாரும் இல்லையே."

அன்றிலிருந்து அந்தப் பெயர் அவளைப் பிடித்துக்கொண்டது. வார்டில் திரைச்சீலையை இழுக்கும்போது வளையங்கள் கம்பியில் உரசும் சத்தம் 'ஷா' என்று முடிந்தது. வீட்டில் துணி துவைக்கும் மெஷின் சுற்றி ஓயும்போதும் அதே முடிவு. யாருக்கும் சொல்லாத ஒரு கள்ள உறவாக இருக்குமோ, மகளாக இருக்குமோ என்று மனசு பின்னிக்கொண்டே போனது. வைத்தியம் பார்க்கிறவளே கைவைத்தியம் தேடும் நிலை. கனிஷாவுக்கு மெல்ல ஒரு உருவம் வந்துவிட்டது. ஒல்லியாக, நனைந்த தலைமுடியோடு, கோடிப் படுக்கைக்கு எதிரே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உள்ளே வரமாட்டாள்.

தையல் மெஷின் ரிப்பேர் செய்யும் அவள் புருஷன் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "ஏம்மா, நானும் பார்க்கறேன், சோறு போட்டுட்டு வேற எங்கயோ பார்த்துட்டு நிக்கற. என்னதான் விஷயம்?"

சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

"பேய் ஓட்டணும்னா அதோட பாஷை தெரியணும். போய்க் கத்துக்கோயேன்."

"இந்த வயசுல ஸ்பானிஷாங்க?"

"ஏன், நாக்குக்கு வயசாயிடுச்சா? என்கிட்ட சண்டை போடறப்ப நல்லாத்தானே சுழலுது."

கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ஒரு பெண் ஸ்பானிஷ் வகுப்பு நடத்தினாள். மகள் வயதுதான் இருக்கும். சேர வந்தவளைப் பார்த்ததும் அந்த டீச்சர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஸ்பானிஷ் வேணும்க்கா?"

"ஸ்பானிஷ்ல எத்தனை இருக்கு?"

"ஊருக்கு ஒண்ணு இருக்குக்கா. ஸ்பெயின்ல பேசறது ஒரு மாதிரி, மெக்ஸிகோ ஒரு மாதிரி. அதுக்குக் கீழ போனா இன்னும் என்னென்னவோ. கால் சென்டர் வேலைன்னா மெக்ஸிகோ எடுத்துக்கங்க. ஒழுங்கா இலக்கணத்தோட வேணும்னா ஸ்பெயின். நான் அதுதான் படிச்சேன்."

இவளுக்கு வேலையும் வேண்டாம், இலக்கணமும் வேண்டாம். செத்துப்போனவன் எந்த ஸ்பானிஷ் பேசினானோ அது வேண்டும். அதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? "உங்களுக்கு எது தெரியுமோ அதையே சொல்லிக்குடுங்க" என்றாள். கடையில் என்ன நிறம் வேண்டும் என்று கேட்டால் எது இருக்கிறதோ அதை வாங்கிவருகிறவள் அவள். இங்கேயும் அப்படியே செய்தாள்.

முதல் வாரமே கேட்டும் பார்த்தாள். "கனிஷான்னா பேரா டீச்சர்?"

"கேள்விப்பட்டதில்லையேக்கா."

"செர்ரான்னா?"

"சியெர்ரான்னா மலைத்தொடர்."

அவ்வளவுதான். கதவருகே நின்ற கனிஷாவுக்குப் பின்னால் ஒரு மலை எழுந்துகொண்டது. பனி, மூட்டம், ஒற்றை வீடு. ஒரு சொல்லைக் கொடுத்தால் ஒரு ஊரையே கட்டிவிடும் மனசு அது.

டீச்சர் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். 'மூடு' என்பதற்கு நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து 'தியெர்ரா' என்று சொல்ல வேண்டும். இவள் அடுப்படியில் பல்லிடுக்கில் நாக்கை நீட்டிப் பழகிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "பேய் ஓட்டச் சொன்னா பாம்பு பிடிக்கறியே" என்றார் புருஷன்.

இவள் நர்ஸ் என்பதால் உடம்பின் பாகங்களை முதலில் நடத்தினாள் டீச்சர். தலை, தோள், முழங்கால். அதற்குக் கீழே முன்னெலும்பு. "இதுக்கு எஸ்பினியான்னும் சொல்லலாம், கனியான்னும் சொல்லலாம்."

பூனை சிஸ்டரின் பேனா நின்றது. "அந்தக் கடைசி 'யா'வை யாராவது வேற மாதிரி சொல்வாங்களா?"

"அர்ஜென்டினா, உருகுவே பக்கமெல்லாம் 'ஷா'ன்னு சொல்வாங்க. எங்களுக்கு யுவியான்னா மழை, அவங்களுக்கு ஷுவியா. நமக்கு எதுக்குக்கா அது? இங்க யாரும் அதைக் கேட்டு வர்றதில்ல."

கனியா. கனிஷா. ஆளே இல்லை. அவன் யாரையும் கூப்பிடவில்லை. கால் என்றிருக்கிறான்.

படி இறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. படுக்கையிலேயே கிடக்கிறவர்களுக்குக் காலில் ரத்தம் கட்டும். கட்டிய ரத்தம் நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் மூச்சு முட்டி நிமிஷத்தில் ஆள் போய்விடும். புதிதாக வரும் நர்ஸ்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. கால் வலிக்கிறது என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சொல்லியிருக்கிறான். இவளோ காதருகே குனிந்து, வருவாங்க என்றிருக்கிறாள்.

மறுநாள் டியூட்டி டாக்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"கால் வீங்கியிருந்துச்சா?" என்று கேட்டார் அவர்.

"இல்லைன்னுதான் நினைக்கறேன் சார்."

"அப்புறம் என்ன சிஸ்டர்? சளி முத்திப்போய் வந்தவர். போட்டு மனசைக் குழப்பிக்காதீங்க."

நினைக்கறேன் என்றுதான் சொல்ல முடிந்தது. போர்வையை விலக்கிப் பார்த்தாளா இல்லையா? எவ்வளவு யோசித்தும் அந்தக் கால்கள் ஞாபகத்துக்கு வரவில்லை. தோள்கள் மட்டும் வந்தன. அந்த நாட்களில் அவள் வார்டில் ஒவ்வொருவர் போர்வையாக விலக்கிக் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போவாள். "என்ன சிஸ்டர், எங்க காலைப் பிடிக்கிற அளவுக்கு நாங்க என்ன பெரிய மனுஷங்களா?" என்று ஒரு கிழவர் கேலி செய்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கனிஷா மட்டும் போகவே இல்லை. கதவருகே அதே இடத்தில் நின்றாள். ஆனால் இப்போது ஒரு காலை ஊன்றாமல் நின்றாள்.

ஏஜென்ட்டுக்குப் போன் போட்டுக் கேட்டாள். "அவர் எந்த நாட்டுக்காரர்?"

"பாஸ்போர்ட்ல உருகுவேன்னு இருந்துச்சு. ஏன் சிஸ்டர், ஏதாவது கேஸ் கீஸ் ஆயிடுச்சா?"

"இல்லைங்க. சும்மாதான்."

மாடி வகுப்புக்குப் போய், வேறு ஸ்பானிஷ் படிக்கப் போவதாகச் சொன்னாள். டீச்சருக்கு முகம் சுருங்கியது. "பாதி கிணறு தாண்டிட்டீங்க அக்கா. அந்தப் பேச்சுல வினைச்சொல்லெல்லாம் வேற மாதிரி முடியும். கத்துக்கிட்டதைக் கலைச்சுட்டு முதல்ல இருந்து வரணும்."

"கலைக்கறேன்மா. எனக்கு ஒரே ஒரு ஆளோட பேச்சுதான் வேணும்."

உருகுவேயில் இருந்துகொண்டு திரையில் பாடம் நடத்தும் ஒரு பெண்மணி கிடைத்தாள். இவள் வயதுதான். முடியை மேலே தூக்கி பென்சிலைச் செருகியிருப்பாள். இங்கே சாயங்காலம் என்றால் அங்கே காலை. அதனால் பாதிப் பாடம் சமையலறையிலேயே நடக்கும். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம்தான். அவள் வாயைத் திறந்ததுமே இவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஷ, ஷ என்று அதே உரசல். செத்தவனின் வாய் உயிரோடு இன்னொரு முகத்தில் அசைந்தது. கேட்க வேண்டியதைக் கேட்கத் துணிவு வரவில்லை. கால் என்று அவளும் சொல்லிவிட்டால்? வணக்கம், நலமா, மழை, தெரு என்று நாளைக் கடத்தினாள்.

ஒருநாள் பாடத்தின் நடுவே, அந்த வீட்டின் உள்ளே எங்கேயோ தண்ணீர் கொட்டும் சத்தம். டீச்சர் எரிச்சலோடு திரும்பி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"செர்ரா லா கனிஷா."

தண்ணீர் நின்றது.

"இப்ப என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள் பூனை சிஸ்டர்.

"என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். குழாயைத் திறந்துவிட்டுட்டு உலகத்தை மறந்துடுவார். குழாயை மூடுன்னேன். மூடுங்கறதுக்கு நாங்க செர்ரான்னுதான் சொல்வோம்."

"கனிஷான்னா குழாயா? காலில்லையா?"

"காலுக்கும் சொல்லலாம். ஆனா மூடுன்னு சொன்னா எங்க ஊர்ல குழாய்தான். வேற நாட்டுக்காரங்களுக்குப் புரியாது. ஏன், உங்களுக்கு என்ன ஆச்சு?"

வார்டின் கோடியில், கதவுக்குப் பக்கத்தில், தொட்டிக் குழாய் வாஷர் தேய்ந்து சொட்டிக்கொண்டே இருக்கும். பிளம்பருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அந்தச் சத்தம் அங்கே வேலை பார்ப்பவர்கள் காதிலேயே விழாமல் போயிருந்தது. அவன் தலைமாட்டில் அது சொட்டியிருக்கிறது. அதை மூடுங்கள் என்று கேட்டிருக்கிறான். இவள் அந்தக் குழாயிலிருந்தே ஒரு கிளாஸ் தண்ணீர் பிடித்துக்கொண்டுபோய் அவன் வாயருகே நீட்டியிருக்கிறாள்.

எல்லாவற்றையும் திரையில் இருந்தவளிடம் கொட்டினாள். ஆங்கிலம் போதாத இடத்தில் ஸ்பானிஷ், அதுவும் போதாத இடத்தில் அழுகை. டீச்சர் பென்சிலை உருவி முடியை அவிழ்த்துவிட்டாள்.

"ஒண்ணு சொல்லவா? சாகப்போறோம்னு தெரிஞ்சவன் குழாயைப் பத்திப் பேசமாட்டான். அவர் கொஞ்சம் தூங்கணும்னு பார்த்திருக்கார். தூங்கி எழுந்துடலாம்னு நம்பியிருக்கார். கால் வலிச்சிருந்தா காலைப் பிடிச்சுக் கத்தியிருப்பார்."

"நான் என்னமோ சொன்னப்ப கண்ணுல தண்ணி வந்துச்சே."

"வரத்தானே செய்யும். யாரோ காதுகிட்ட வந்து அவர் பாஷையில ஒரு வார்த்தை சொல்லியிருக்காங்க. குழாய் வரும்னு." சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். இந்தப் பக்கம் பூனை சிஸ்டரும் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். அவன் செத்ததற்கப்புறம் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மறுநாளே தன் புருஷனை ஸ்பானரோடு வார்டுக்கு வரவழைத்து வாஷரை மாற்ற வைத்தாள். ஆஸ்பத்திரிக் குழாயில் வெளியாள் எப்படிக் கைவைக்கலாம் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும் என்றாள்.

காலைப் பற்றிய பயம் அதோடு அடங்கியது. கனிஷா விஷயம்தான் விசித்திரம். பொருள் தெரிந்துவிட்டது, அவள் என்று ஒருத்தி எந்த நாட்டிலும் பிறக்கவில்லை, இனி நிற்க வேலை இல்லை என்று பூனை சிஸ்டர் எதிர்பார்த்தாள். நனைந்த முடியோடு அவள் அங்கேயேதான் நின்றாள். மலை போய்விட்டது, நொண்டல் போய்விட்டது. கூப்பிட ஒருவருமில்லாத பெண்ணாக, எங்கே போவது என்று தெரியாமல் நிற்பதுபோல் நின்றாள். முன்பிருந்த கிலி இல்லை. சில நாள், வார்டு அடங்கியிருக்கும் மத்தியானத்தில், கதவைக் கடந்துபோகும்போது பூனை சிஸ்டர் அவளுக்காகக் கொஞ்சம் ஒதுங்கி நடப்பாள்.

"அதான் வார்த்தை கிடைச்சாச்சே, இன்னும் எதுக்கு வகுப்பு?" என்று புருஷன் கேட்டார்.

"நடுவுல விட்டா நல்லாயிருக்காதுங்க" என்றாள். காரணம் அதுவல்ல என்று அவருக்கும் தெரியும்.

கப்பலில் இருந்து யாராவது வந்தால் இப்போதெல்லாம் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். போன மழைக்காலத்தில் சிறுநீரகக் கல்லோடு மெக்ஸிகோக்கார எஞ்சினியர் ஒருவர் வந்தார். வலி கொஞ்சம் தணிந்ததும் அவள் பேச்சை வேடிக்கை பார்ப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க அந்தத் தென்கோடி ஆளுங்க மாதிரில்ல பேசறீங்க? அதுவும் சாதாரணமா இல்ல, அசல் துறைமுகத்துக்காரன் மாதிரி. அங்க உங்களுக்கு யாராவது இருக்காங்களா?"

அவளுக்குத் தெரிந்த ஸ்பானிஷில் அதற்கு நீளமான பதில் சொல்ல வரவில்லை.

"இருந்தார்" என்றாள்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அடங்கியது. "மன்னிச்சுக்குங்க சிஸ்டர்" என்று சொல்லி, அவள் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தார். அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் அவர் நாடியைப் பார்த்துக் குறித்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனாள்.