மூன்றாவது கோல்

மைதானத்தில் எல்லோரும் அவரைப் போர்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வார நாட்களில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை. ஆட்டம் இருக்கிற நாளில் ஏணியில் ஏறி, எண் எழுதிய தகரத் தகடுகளை ஸ்கோர் போர்டின் கொக்கிகளில் மாட்டுகிற வேலை. இருபத்தாறு வருஷம் மாட்டினார். முழங்கால் மக்கர் பண்ணியதும் ஏணியை விட்டார், கதையை விடவில்லை. கொட்டுகிற மழையில், கடைசி நிமிஷத்தில், நம் ஆட்கள் மூன்றாவது கோல் போட்டுக் கோப்பையைத் தூக்கிய கதை அது. மீட்டர் பார்க்கப் போன வீடுகளில்கூடச் சொல்லியிருக்கிறார்.

மனைவியின் தம்பி வேறொரு நகரத்தில் வீடு மாறியிருந்தான். பார்க்கப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாளாக ஜன்னலே கதி என்று கிடந்தவரிடம் அவன் சொன்னான்: "மாமா, பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல விளையாட்டு மியூசியம் ஒண்ணு இருக்கு. அக்காவைக் கூட்டிக்கிட்டுப் போய்ட்டு வாங்க. நனையாம சுத்தலாம்."

ஒரே குடையில் போய், ஆளுக்கொரு தோள் நனைந்து உள்ளே நுழைந்தார்கள். பழைய பந்துகள், விரல் கிழிந்த கையுறைகள். இரண்டாவது அறையில் மனைவி நின்றுவிட்டாள்.

"என்னங்க, இது நீங்கதானே?"

அவரேதான். சுவர் உயரத்துக்கு ஒரு போட்டோ. மழைக்குள் ஏணியில் நிற்கிறார். கக்கத்தில் 3 என்ற தகடு. போர்டில் அந்த இடம் காலி. முகமெல்லாம் மலர்ந்தவர் கீழே எழுதியிருந்ததைப் படித்தார். 'மூன்றாவது கோல் செல்லாது என அறிவிக்கப்பட்டது. ஆட்டம் 2–2. கோப்பை இரு அணிகளுக்கும் பொது.'

ஒன்றும் புரியவில்லை. மறுபடி படித்தார். நேராக அலுவலக அறைக்குப் போய், அங்கிருந்த பெண் அதிகாரியைக் கையோடு கூட்டி வந்தார்.

"தப்பா எழுதியிருக்கீங்கம்மா. மூணு ரெண்டு. தகடு மாட்டினதே நான்தான்."

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். நடுவரின் அறிக்கையும் பத்திரிகைச் செய்திகளும் இருப்பதாகச் சொன்னார். பிறகு, "இதுல நீங்க தகட்டை மாட்டப் போறீங்களா, கழட்டிட்டு வர்றீங்களா சார்?" என்று கேட்டார்.

போர்டுக்காரர் படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். ஏறும்போதும் தகடு கக்கத்தில்தான், இறங்கும்போதும் கக்கத்தில்தான். ஒரு கால் மேல் படியில், ஒரு கால் கீழ்ப் படியில். மாட்டியது நன்றாக நினைவிருந்தது; தகரத்தின் சில்லிப்பு, ஈரத்தில் வழுக்கிய கொக்கி, கீழே கூச்சல். கழற்றினோமா? கழற்றவில்லை என்று அடித்துச் சொல்ல நாக்கு எழவில்லை.

"ஜெயிச்சோம்னு அன்னைக்கு உன்கிட்ட வந்து சொன்னேன் இல்ல?"

மனைவி யோசித்தாள். "அன்னைக்கு ஒண்ணும் சொல்லலீங்க. தொப்பலா நனைஞ்சு வந்து காய்ச்சல்ல படுத்தீங்க. நாலு நாள் கழிச்சு எந்திரிச்சுத்தான் சொன்னீங்க."

"நாலு நாளா?"

"கஞ்சி வச்சுக் கொடுத்தவளுக்குத் தெரியாதா?"

அவர் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அதிகாரி ஒரு தாளை எடுத்து, படத்தில் இருப்பவர் யாரென்று இத்தனை நாள் தெரியாமல் இருந்தது, பேர் சொன்னால் போட்டுவிடலாம் என்றார். போர்டுக்காரர் பேரைச் சொன்னார். எழுதிக்கொண்டே அதிகாரி கேட்டார்: "மாட்டுகிறார்னு போடட்டுமா, கழற்றுகிறார்னு போடட்டுமா?"

மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் படத்தைப் பார்த்தார்.

"ஏணியில நிக்கிறார்னு போடுங்கம்மா. அது மட்டும் நிச்சயம்."

வீடு திரும்பியதும் மச்சான் துண்டை நீட்டி, "எப்படி இருந்தது மாமா?" என்று கேட்டான். தலையைத் துவட்டிக்கொண்டே ஆரம்பித்தார். மழை, கூச்சல், ஏணி எல்லாம் வழக்கம்போல வந்தன. மூன்றாவது கோலுக்கு வந்ததும் நிறுத்தி, "உங்க அக்காவைக் கேளு," என்றார்.

"என்னை ஏன் கேக்கணும்? நான் அங்க இருந்தேனா?" என்றாள் அவள்.