இரண்டு பேரும் பாரம் தூக்கக்கூடாது

வவுனியா ஆஸ்பத்திரியில் என்னை மறித்திருந்த வாட்டில், வேலை மாறி வருகிற ஒவ்வொரு தாதியும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான். எத்தனை பிள்ளைகள்?

இல்லை என்று சொன்னேன். காலையில் சொன்னேன், மத்தியானம் சொன்னேன், விளக்கு வைக்கிற நேரம் வந்தவளுக்கும் சொன்னேன். அவர்கள் மோசமாகக் கேட்கவில்லை. கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையைப் பார்த்தாலே தெரியும், ஆனால் அவர்களுக்கு அதற்கு நேரமில்லை. கடைசியில் கேள்வி முடிய முன்னமே தலையை ஆட்டப் பழகிவிட்டேன்.

எனக்கு நாற்பத்தாறு வயது. துணுக்காய்ப் பக்கம் எங்கள் வீடு. இவர் வயல் செய்கிறார். நான் விறாந்தையில் மிசின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடையும் சாரிச் சட்டையும் தைக்கிறேன். கலியாணம் முடித்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஏன் பிள்ளை இல்லை என்று பார்க்க வேண்டிய வயதில் நாங்கள் சண்டைக்குள் இடம் இடமாக ஓடிக்கொண்டிருந்தோம். பிறகு முகாமில் இருந்தோம். திரும்பி வந்து காணி துப்புரவாக்கி, கூரை போட்டு நிமிர்ந்தபோது எனக்கு முப்பது கடந்துவிட்டது. அதற்குப் பிறகு மருந்து எடுத்தோம், கோயில்களுக்கு நேர்த்தி வைத்தோம். ஒரு கட்டத்தில் அந்தக் கதையை இரண்டு பேருமே எடுக்காமல் விட்டோம். விட்டோமே தவிர, அது போகவில்லை. மாதவிலக்கு இரண்டு நாள் பிந்தினால் இவர் என் முகத்தைப் பார்க்கிற விதம் மாறும். நாற்பத்து நாலு வயதிலும் மாறியது.

பிறகு இரத்தம் நிற்காமல் போகத் தொடங்கியது. மிசினை விட்டு எழும்பும்போது கதிரையைத் திரும்பிப் பார்த்துத்தான் எழும்புவேன். படியேறினால் மூச்சு வாங்கும். கருப்பையில் கட்டிகள் இருக்கின்றன, உடம்பில் இரத்தம் மிகவும் குறைந்துவிட்டது, கருப்பையை எடுப்பதுதான் நல்லது என்று டொக்டர் சொன்னார். இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வேற வழி ஒண்டும் இல்லையோ?"

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். எனக்கு அப்போது களைப்பைத் தவிர வேறு ஒன்றும் இருக்கவில்லை. எடுத்தால் சரி என்றுதான் இருந்தது.

முள்ளந்தண்டில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே கிடந்தவை வேறு யாருடையவோ கால்கள் போலிருந்தன. நோவு இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் கத்தரிக்கோலைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது. நாள் முழுக்க நான் கேட்கிற சத்தம்தான். என்னிலேயே அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். எடுத்ததை வெளியில் நின்ற இவரைக் கூப்பிட்டு ஒரு பாத்திரத்தில் காட்டினார்களாம். எப்படி இருந்தது என்று பிறகு நான் கேட்டேன். கண்ணாடி போடவில்லை, வடிவாகத் தெரியவில்லை என்றார். கண்ணாடி அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது.

வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டி விட்டபோது, வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு ஓட்டோவில் வந்தேன். பெரிய ரோட்டில் பிழையில்லை. குளத்துப் பக்கம் திரும்பிய பிறகு ஒவ்வொரு பள்ளமும் தையலுக்குள் இறங்கியது. ஓட்டோக்காரர் மாடு நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினார். அப்படியும் எனக்குக் கண்ணீர் வந்துகொண்டிருந்தது. இவர் முன்னால் ரோட்டைப் பார்த்தபடி, "இந்தா வந்திட்டுது, இந்தா வந்திட்டுது" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டு வாசலில் மச்சாள் நின்றார். இவருடைய அக்கா. கிளிநொச்சிப் பக்கம் வாய்க்கால் கரையில் இருக்கிறார், ஐந்து பிள்ளைகளுக்குத் தாய். நாங்கள் யாரும் கூப்பிடவில்லை. விஷயம் கேள்விப்பட்டு, மாற்றுச் சேலைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸேறி வந்துவிட்டார். எனக்கும் அவருக்கும் பகையும் இல்லை, பெரிய ஒட்டும் இல்லை. நல்லது கெட்டதுக்குப் போவோம், வருவோம். அதிகம் கதைக்காத மனுஷி. என்னைக் கைத்தாங்கலாக இறக்கி, கட்டிலில் சரித்து, காலுக்குக் கீழே ஒரு துணி மூட்டையை வைத்தபோது, இந்த வேலை அவருக்கு எவ்வளவு பழக்கம் என்று தெரிந்தது.

பாரம் தூக்கக்கூடாது, குந்தக்கூடாது, மிசின் மிதிக்கக்கூடாது என்று வாட்டில் சொல்லிவிட்டிருந்தார்கள். தூக்கவும் குந்தவும் மிதிக்கவும் இல்லாமல் என் வீட்டில் எனக்கு என்ன வேலை இருக்கிறது? படுத்திருந்தேன். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு இருமினேன். தும்மலுக்குப் பயந்து, மச்சாள் மிளகாய் தாளிக்கும்போது அறைக் கதவைச் சாத்தச் சொன்னேன். மலம் கழிக்கப் போவது ஒரு யுத்தம். எழும்பி நின்றால் உள்ளே எல்லாம் கழன்று கீழே விழப்போகிறது போல ஒரு எண்ணம். சூலகங்களையும் சேர்த்து எடுத்திருந்ததால், சும்மா இருக்கும்போதே நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி முகத்துக்கு ஏறும். அடுத்த நிமிஷம் சட்டை நனைந்துவிடும். நித்திரை கொண்டு எழும்பினாலும் களைப்பு. இதற்கு முன் நான் அறிந்த களைப்புகளுக்கு ஒரு முடிவு இருந்தது. வேலை முடிந்தால், படுத்தால் தீரும். இது படுக்கையிலேயே இருந்து வந்தது.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மச்சாள் சோற்றோடு ஒரு கறி கொண்டுவந்தார். கொத்தமல்லி, மிளகு, மஞ்சள், உள்ளி எல்லாம் அரைத்துப் போட்ட சரக்குக் கறி, குளத்து விரால் மீன் போட்டு. மணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளை பெற்றவர்களுக்குக் காய்ச்சுகிற பத்தியக் கறி. அக்கம்பக்கத்தில் எத்தனை வீடுகளுக்கு நான் அம்மியில் அரைத்துக் கொடுத்திருப்பேன். எனக்கென்று யாரும் காய்ச்சியதில்லை.

"இது பிள்ளைப்பெத்த ஆக்களுக்கெல்லோ மச்சாள்?" என்றேன்.

"வயித்துப் புண் எல்லாம் ஒண்டுதான். ஆற முன்னம் சாப்பிடு."

சாப்பிட்டேன். மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் தண்ணீர் ஓடியது. மிளகு கூட என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் அடுத்த முறை மிளகைக் குறைக்கவில்லை.

பார்க்க வந்தவர்களில் ஒரு பெண், என் வயிற்றைப் பார்த்தபடி, பிள்ளை பெறாத வயிறுதானே, அது கெதியாக ஆறிவிடும் என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். மச்சாள் அவளுடைய தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு, "வெயில் ஏற முன்னம் வெளிக்கிடுங்கோ பிள்ளை" என்றார். அவ்வளவுதான். ஆனால் அன்று முதல், மத்தியானத்தில் யார் படலையில் கூப்பிட்டாலும் நான் நித்திரை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

யன்னலோரக் கட்டிலில் கிடந்தால் கிணற்றடி தெரியும். வேறு வேலை இல்லாததால் நான் மச்சாளையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். எனக்குக் குளிக்க, உடுப்புத் தோய்க்க, குசினிக்கு, இவர் கால் கழுவ, எல்லாத் தண்ணீரையும் அவர்தான் அள்ளினார். இரண்டு வாளி அள்ளியதும் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் குனிந்து நிற்பார். ஒரு கை அடிவயிற்றில் இருக்கும். பிறகு கால்களை அகட்டி வைத்து மெல்ல நடப்பார். வயது போகிறது, இடுப்பு நோவாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஒருநாள் வேலியோரக் கொடியின் கடைசியில், பழைய பருத்திச் சேலைத் துண்டுகள் மடித்துக் காயப்போட்டிருந்தன. அந்த மடிப்பு எந்தப் பெண்ணுக்கும் தெரியும். எனக்கு இனி அது தேவையில்லை. மச்சாளுக்கு மாதவிலக்கு நின்று பல வருஷம்.

பின்னேரம் அவர் சீப்பால் என் தலையை இழுத்துக்கொண்டிருந்தார். முகம் பார்க்கத் தேவையில்லாததால் கேட்பது சுகமாக இருந்தது. உங்களுக்கும் ஏதும் வருத்தமோ என்று கேட்டேன்.

சீப்பு நிற்கவில்லை. "வருத்தம் எண்டில்லை. கீழை இறங்கி நிக்குது. கூட வேலை செய்தா வெளியில வந்திடும். உள்ளுக்குத் தள்ளிவிட்டு, சீலையை மடிச்சு வைச்சுக்கொண்டு திரியிறன்."

இறங்கி நிற்பது கருப்பைதான் என்று கேட்காமலே தெரிந்தது. எவ்வளவு காலமாக என்று கேட்டேன்.

"கடைசிப் பொடியனுக்கு இப்ப மீசை முளைச்சிட்டுது."

அந்தப் பிள்ளை பிறந்து தீட்டுக் கழிய முன்னமே அவர்கள் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட வேண்டி வந்தது எனக்குத் தெரியும். அந்த ஓட்டத்தில் நாங்களும் இருந்தோம். கையில் பச்சைப் பிள்ளையும் தலையில் அரிசி மூட்டையுமாக அவர் நடந்ததைக் கண்டிருக்கிறேன். அப்போது எல்லோரும் எதையாவது சுமந்துகொண்டுதான் நடந்தோம். அவருக்கு உள்ளே ஒன்று கழன்றதை யார் கண்டது. நடக்கும்போதே ஏதோ வழுகியது போல இருந்ததாம். இரத்தம் என்று நினைத்தாராம். பார்க்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. முகாமுக்குப் போனபிறகு சொல்ல வெட்கம். மனுஷனுக்குத் தெரியுமா என்று கேட்டதற்கு, ஒரே பாயில் படுக்காமல் விட்டு எத்தனையோ காலம் என்று மட்டும் சொன்னார்.

பிறகு, என் தலையைப் பின்னி முடித்து, நுனியில் முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னார். "உனக்கு வெட்டி வெளியில எடுத்தவை. எனக்குத் தானா வெளியில வருது. எல்லாம் ஒண்டுதான்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்ததும் தையல் பிடித்து இழுத்தது, தலையணையைத் தேடினேன். அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பெரிதாகக் கண்டதில்லை. ஆனால் அவர் குசினிக்குப் போனதும் எனக்குக் கோபம் வந்தது. எனக்காக இந்த மனுஷி அள்ளிய வாளிகளை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். ஏன் வந்தார், யார் வரச் சொன்னது என்று அவரிலேயே கோபித்தேன். அதற்குப் பிறகு கோபிக்கவும் தெம்பில்லாமல் நித்திரையாகிவிட்டேன்.

தம்பியிடம் இதைச் சொல்லக்கூடாது என்று மச்சாள் என்னிடம் சத்தியம் வாங்கினார். அன்று இவர் வயலால் வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் இவ்வளவுதான் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, அக்காவும் இனிப் பாரம் தூக்கக்கூடாது. நாங்கள் ரெண்டு பேரும் தூக்கக்கூடாது."

இவர் என்னைப் பார்த்தார், குசினிப் பக்கம் பார்த்தார். சோற்றைப் பிசைந்து முடித்து, "ஓம்" என்றார். அடுத்த நாள் தொடக்கம் வயலுக்குப் போக முன்னம் குசினிக்கும் குளியலறைக்கும் பீப்பாய்கள் நிரப்பிவிட்டுப் போனார். தண்ணீர் முடிந்தால் இருந்தபடி இருந்தோம். பானை கழுவாமல் கிடந்தது, உடுப்பு இரண்டு நாளுக்கு ஒருக்கால்தான் தோய்ந்தது. மச்சாளுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. கதிரையில் இருந்து என் தையலுக்கு வந்து கிடந்த சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துத் தந்தார். எல்லாம் கோணல். நான் பிறகு பிரித்து வைத்தேன், அவருக்குச் சொல்லவில்லை.

மறுபடி காட்டச் சொன்ன கிளினிக் நாள் வந்தபோது, துணைக்கு வாருங்கோ என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். துணைக்கு இல்லை என்று அவருக்கும் தெரியும். அங்கே வாங்கில் காத்திருக்கும்போது இரண்டு தரம் எழும்பினார். கிளிநொச்சிப் பஸ் போய்விடும் என்றார், பொடியன் தனிய என்றார். எனக்கு அவரோடு வாதாட ஏலாமல் இருந்தது. "மச்சாள், எனக்குக் களைக்குது, இருங்கோ" என்றேன். இருந்தார்.

முதலில் என்னைப் பார்த்தார்கள். புண் நன்றாக ஆறியிருக்கிறது, கட்டியில் பயப்பட ஒன்றும் இல்லை, இனி மெல்ல மெல்ல மிசின் மிதிக்கலாம். களைப்பு மாதக்கணக்கில் இருக்கும், அதற்கு அவசரப்படக்கூடாது என்றார் டொக்டர். பிறகு நான் மச்சாளை உள்ளே அனுப்பினேன். திரைக்குப் பின்னால் அவருடைய குரல் மிக மெல்லக் கேட்டது. டொக்டரின் குரலும் மெல்லத்தான் கேட்டது. ஒப்பரேஷன் செய்வதுதான் நிரந்தரம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். நெல் வெட்டு முடியட்டும், மகளின் கலியாணக் காரியம் முடியட்டும் என்று மச்சாள் சொல்லியிருக்கிறார். சரி, அதுவரைக்கும் என்று ஒரு வளையத்தை உள்ளே வைத்துவிட்டார்கள். இறங்காமல் தாங்கிப் பிடிக்குமாம். நாலைந்து மாதத்துக்கு ஒருக்கால் வந்து மாற்ற வேண்டும்.

வெளியே வந்து என் பக்கத்தில் இருந்தார். பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்து எனக்குக் காட்டினார்.

"இவ்வளவு சாமான்தான்" என்றார். "இவ்வளவு காலமும் இவ்வளவு சாமான்தான்."

அவருடைய முகம் அப்போது எனக்குப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. சந்தோஷம் என்று சொல்ல ஏலாது. எழும்பி இரண்டு அடி நடந்து பார்த்தார், திரும்பி வந்து இருந்தார், மறுபடி எழும்பி நடந்தார். வாங்கில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அவர் கவனிக்கவில்லை.

அங்கிருந்தே அவரைக் கிளிநொச்சிப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். எங்கள் வீட்டில் விட்டிருந்த சேலைகளைப் பிறகு அனுப்பச் சொன்னார். நான் என் பஸ்ஸில் யன்னலோடு சாய்ந்து நித்திரையாகி, இறங்க வேண்டிய இடத்துக்கு அடுத்த சந்தியில்தான் முழித்தேன். இவர் சைக்கிளில் வந்து ஏற்றிக்கொண்டு போனார். வழியில், அக்காவுக்கு இப்ப சுகமோ என்று கேட்டார். ஓம் என்றேன். நல்லது என்றார்.

வெட்டும் முடிந்துவிட்டது, மகளின் காரியமும் ஒப்பேறிவிட்டது. மச்சாள் இன்னும் ஒப்பரேஷனுக்குச் சம்மதிக்கவில்லை. டெலிபோனில் கேட்டால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு காரணம் சொல்கிறார். ஆனால் வளையம் மாற்றுகிற நாளை மட்டும் தவறவிடுவதில்லை. முதல்நாளே வந்து எங்கள் வீட்டில் தங்கிப் போகிறார். நான் ஒரு சட்டை தைத்தால் கொஞ்சம் படுக்கிறேன், எழும்பி அடுத்ததை எடுக்கிறேன். சூடு இன்னும் ஏறி இறங்குகிறது. முந்தாநாள் புதிதாக வந்த ஒருத்தி, சாரிச் சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டே, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு, மூச்சைப் பிடிக்காமல் நேராக நிற்கச் சொன்னேன்.