எண்ணெய்த் தலையோடு

குற்றாலத்தில் பெரிய அருவிக்குப் பக்கத்துச் சத்திரத்தில் எனக்கு வேலை. சாரல் காலத்தில் அங்கே தங்குகிறவர்கள் குளிக்கும்போது நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மேலே மலையில் மழை கொட்டினால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் இறங்கிவிடும். வருமுன் தண்ணீர் லேசாகச் செம்மண் நிறம் காட்டும், சருகு மிதந்து வரும், சத்தம் கனக்கும். உடனே கையில் இருக்கும் வெண்கலச் சேகண்டியை அடிக்க வேண்டும், எல்லாரும் கரையேற வேண்டும்.

நாலாம் வகுப்போடு நின்றுபோனவன் நான். போதாததற்குப் பயந்தவன். கதவைச் சாத்திவிட்டு வந்து, சாத்தினோமா என்று பாதி வழியில் திரும்பிப் போகிற ரகம். அதைப் பார்த்துத்தான் சத்திரத்து அண்ணாச்சி என்னைச் சேர்த்தார். “தைரியசாலிய வச்சா ஒறங்கிருவாம்லே. இதுக்குப் பயந்தாங்கொள்ளிதான் சரி” என்றார்.

முதல் சாரலிலேயே ஒரு நாள் மேக நிழலைப் பார்த்து மிரண்டு அடித்துவிட்டேன். பாறையில் எண்ணெய் தேய்த்து ஊறவிட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு வந்ததே கோபம். எண்ணெய் வைத்த தலையை அலசாமல் போனால் சளியும் சன்னியும் வரும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் உறுதி.

“எண்ணெத் தலையோட எங்கனவே போகச் சொல்லுத? நான் சாவணுமா?”

“வெள்ளம் எங்கவே வருது? ஒம் வயித்துலயா?”

பாறை முழுக்கச் சிரிப்பு. அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டு, “இனி சும்மா அடிச்சன்னா சேகண்டிய வாங்கி வச்சிருவேன்” என்றார்.

அதற்கு மூன்றாம் நாள் அருவிச் சத்தம் கனத்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சருகும் வந்தது. இரண்டாவது சருகு வரட்டும் என்று கையைத் தூக்கியபடியே நின்றேன். வந்த பிறகு அடித்தேன்.

எல்லாரும் ஏறிவிட்டார்கள், வடகரை ஊர்க்காரர் ஒருவரைத் தவிர. தலையெல்லாம் எண்ணெய். “இருவே, தலைய மட்டும் அலசிட்டு வந்திருதேன்!” என்று என்னைப் பார்த்துக் கத்தினார். சிரித்துக்கொண்டுதான் கத்தினார். மறுநாள் கீழே பாறை இடுக்கில் கிடைத்தார்.

என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. “நீ அடிச்சியே, அவம்லா வரல” என்றார் அண்ணாச்சி. முதல் சருகைப் பற்றி அன்றைக்கும் நான் சொல்லவில்லை, பிறகும் யாரிடமும் சொன்னதில்லை.

அதன் பிறகு பதினோரு சாரல். முதலில் போனது தாடை. காலையில் எழுந்தால் வாய் திறக்காது, பற்களைக் கடித்தபடியே தூங்கியிருப்பேன். பிறகு வயிற்றில் எரிச்சல். சட்டைக்கு அளவெடுத்த தையற்காரர், “என்னவே, வலது தோளு மட்டும் ஒசந்து நிக்கி?” என்று கேட்டார். அடிக்கத் தூக்கிய கை அந்தத் தோளில் தங்கிவிட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? மகள் பேசும்போது அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன், காதில் விழாது. பங்குனியில் அருவி வற்றி வெறும் பாறையாகக் காய்ந்து கிடக்கும். அப்போதும் வயிறு எரிந்தது. பயப்பட ஒன்றுமில்லாத மாதத்திலும் உடம்பு பாட்டுக்குப் பயந்துகொண்டிருந்தது.

பெண்டாட்டி தென்காசியில் ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனாள். அவர் நாடி பார்த்தார்.

“ஒரு மண்டலம் எண்ணெ தேச்சு அருவியில தலையக் குடும். பைத்தியத்தையே தெளிய வைக்கிற தண்ணி, ஒம்ம பயத்த விட்டு வைக்குமா?”

அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அண்ணாச்சி நாற்பத்தெட்டு நாளைக்கு வேறு ஆளை உட்கார வைத்தார். “தெளிஞ்சா வாலே. இல்லன்னா அவனே இருந்துக்கிடட்டும்” என்றார். நான் தெளிந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் சோறு.

முதல் நாள் பாறையில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். அவள் சீயக்காய்ப் பொடியோடு கரையில் நின்றாள்.

“தண்ணிய நான் பாத்துக்கிடுதேன். நீங்க கண்ண மூடிட்டு நில்லுங்க.”

போய் நின்றேன். தண்ணீர் தோளில் விழுந்தது. அருவிக்குள் போனால் அருவிச் சத்தத்தைத் தவிர எதுவுமே கேட்காது என்பது அதுவரை எனக்கு உறைத்ததில்லை. கனக்கிறதா, இல்லையா? உள்ளேயிருந்து தெரியவில்லை. புது ஆள் குனிந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான். தலையைக் கொடுக்குமுன் கால்கள் என்னைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டன.

“தல நனையவே இல்லியே” என்றாள். “இன்னொரு மட்டம் போங்க.”

போகவில்லை. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் எண்ணெய் தேய்த்துவிட்டுப் பாறையிலிருந்து எழுந்திருக்கவே முடியவில்லை. அண்ணாச்சி சத்திரத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கூப்பிடவில்லை.

தென்காசியில் எங்கள் வீடு வரைக்கும் எண்ணெய்த் தலையோடு நடந்தேன். சாரல் காற்றில் காது மடலெல்லாம் சில்லிட்டது. எண்ணெய் வழிந்து கண் எரிந்தது. அவள் சீயக்காய்ப் பொடியோடு பின்னால் வந்தாள். சாயங்காலமே சளி பிடித்தது. நாலு நாள் காய்ச்சல். அந்த வடகரைக்காரர் தலையை அலசாமல் ஏறியிருந்தால் அவருக்கும் இவ்வளவுதான் வந்திருக்கும்.

ஐந்தாம் நாள் அவள் வெந்நீர் போட்டு, என்னைக் கொல்லையில் உட்கார வைத்துத் தலையில் ஊற்றினாள். நாலு செம்புதான் ஊற்றியிருப்பாள்.

“மெதுவா ஊத்துட்டி” என்றேன். “தண்ணிச் சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்கு.”