சோதனைச் சாவடியில் நான் சொன்ன பொய்

காலை பத்து நாற்பதுக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. யுத்தம் கடுமையாக இருந்த காலம். கம்பஸில் இரண்டாம் வருடம் படித்த என் மகளைத் தனியே பயணம் செய்ய விடப் பயந்து, கண்டிக்குப் போய் நானே கூட்டிக்கொண்டு வந்தேன். மதவாச்சிச் சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கிப் பொதிகளை அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் மன்னார் பஸ்ஸில் ஏற வேண்டும். வரிசை வெயிலில் வளைந்து கிடந்தது. மகள் இரண்டு முறை ஓரமாகப் போய்ச் சத்தி எடுத்தாள். பஸ் ஓட்டம் ஒத்துவரவில்லை என்றாள். நம்பினேன்.

கர்ப்பிணிகளை முன்னுக்கு விடுவார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கந்தோரில் ஒரு பொய் லீவுகூட எடுத்தறியாதவன் நான். ஆனால் மன்னார் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஒரு பெண் சிப்பாயிடம் போனேன். சிங்களம் அரைகுறை. மகளைக் காட்டி, "பபா, பபா" என்று என் வயிற்றுக்கு முன்னால் கையால் ஒரு வளைவு போட்டேன். அவள் முதலில் என் வயிற்றைத்தான் பார்த்தாள்.

பிறகு மகளுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, உடைந்த தமிழில், "எத்தன மாசம்?" என்று கேட்டாள். அதற்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. நான் விழிக்க, மகள் மூன்று விரல்களைக் காட்டினாள். அடடா, என்னைவிடக் கெட்டிக்காரி என்று பூரித்துப்போனேன்.

அந்தப் பூரிப்பு பஸ்ஸில் ஏறி உட்காரும்வரை இருந்தது. மகள் என் காதோடு கேட்டாள்:

"அப்பா, ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"என்னத்தை?"

அவள் அழத் தொடங்கினாள். எனக்கு விளங்கி முடிய பஸ் செட்டிகுளம் தாண்டிவிட்டது.

பின் இருக்கையில் எங்கள் கோயில் பாட்டுக்குழுவை நடத்துகிற அக்கா. அவருடைய குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

"அண்ணை, நல்ல மூளை உங்களுக்கு! பிள்ளையும் என்ன மாதிரி நடிக்குது! சத்தி எடுத்தது அசலாவே இருந்தது."

அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, "திரும்பிப் போகேக்க என்னையும் உங்கட மகள் எண்டு சொல்லிவிடுங்கோ" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அழுதால் காரணம் சொல்ல வேண்டுமே.

தோட்டவெளி வீட்டில் மனைவி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நான் பொய் சொன்னதற்கா, அது உண்மையாகப் போனதற்கா என்று கேட்கவும் பயம். காரணமான பெடியன் மகளோடு படிக்கிறவன். மலையகத்திலிருந்து வந்து முருங்கன் பக்கம் குடியேறி, கூலிக்கு வயல் வேலை செய்கிற குடும்பம். "ஞாயிற்றுக்கிழமை தாயோட வருவான்" என்றாள் மகள். வராவிட்டால்? வந்தாலும் இவளுடைய படிப்பு? எனக்கு நித்திரை போனது.

ஞாயிறு மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. தெருவில் திரிகிற கழுதை வாசல் படலைக்குள் தலை நீட்டும்போதெல்லாம் நான் எழுந்து நின்றேன். மகள் சாமிப் படத்துக்குக் கீழே இருந்து அசையவில்லை. பொழுது சாயும்போது இனி வரமாட்டான் என்று எனக்குள்ளே முடிவு கட்டினேன். அப்போதுதான் படலை திறந்தது. இந்த முறை கழுதை இல்லை.

பெடியன் தலையைக் குனிந்தபடி "மாமா" என்றான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தாய்தான் பேசினார்.

"மன்னிச்சிக்கங்க சம்பந்தி, பாலத்தடி செக்கிங்ல நிப்பாட்டிட்டாங்க. ஒங்க பஸ் கதை முருங்கன் வரைக்கும் வந்திருச்சு. ஒங்கள மாதிரி பொய் சொல்ல எங்களுக்கு வராது. அதான் முழு வரிசையிலயும் நின்னு வந்தோம்."

சம்பந்தி என்ற சொல்லைக் கேட்டதுமே நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் விடவில்லை.

"கொழந்தைய நான் பாத்துக்கிறேன். ரெண்டு பேரும் படிப்ப முடிக்கட்டும். நீங்க அடுத்த தடவ பொய் சொல்றதுக்கு முன்னால, பிள்ளைகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கங்க."

இன்றும் மகளின் முகம் கொஞ்சம் வாடினால் முதலில் கேட்டுவிடுகிறேன். அவள் வாய் திறக்கும்வரை என் நெஞ்சு படுகிற பாடு மட்டும் இன்னும் மாறவில்லை.