சோம்பேறித்தனம் என்று பதில் சொன்னவர்கள்

கொழும்பில் அறிக்கையைச் சமர்ப்பிக்க இரண்டு நாட்கள் இருந்தபோது அந்த அழைப்பு வந்தது. எங்கள் ஒன்லைன் படிவத்தின் அடியில், சந்தேகம் கேட்பதற்கென்று ஹட்டன் அலுவலக இலக்கத்தைப் போட்டிருந்தோம். லிங்க் திறக்கவில்லை என்றுதான் வழக்கமாக அழைப்பார்கள். இவர் கேட்டது வேறு.

"நான் ஒரு பதில பிழையா குடுத்துட்டேங்க மிஸ். அத அழிக்கணும்."

பெயர் பரமேஸ்வரி. றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர்.

நான் கள ஆய்வு வேலைக்கு வந்து அப்போது இருபது வருடங்கள் தாண்டியிருந்தன. முன்பெல்லாம் கடதாசிப் படிவத்தோடு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்குவோம். இதுதான் முதல் ஒன்லைன் சர்வே. வறுமைக்கு என்ன காரணம் என்று மக்கள் நம்புகிறார்கள் என்பதை அறிவது நோக்கம். தமிழ்ப் படிவத்தை எழுதி, வட்ஸ்அப் குழுக்களில் லிங்கைப் போட்டது நான். பெயரோ போன் இலக்கமோ கேட்கவில்லை. "ஒருவர் ஏழையாக இருப்பதற்கு முக்கிய காரணம் எது?" என்பது பிரதான கேள்வி. குறைந்த சம்பளம், படிப்பின்மை, தலைவிதி, சோம்பேறித்தனம் என்று சில பதில்கள். ஒன்றை மட்டும் தெரிவுசெய்யலாம்.

லயத்தில் இருப்பவர்களிலேயே பலர் சோம்பேறித்தனத்தைத் தெரிவுசெய்திருந்தார்கள். கொழும்பில் இருந்த எங்கள் மனேஜர் நிர்மலனுக்கு அது பிடித்துவிட்டது. 'ஏழைகளே ஏழைகளைக் குறை சொல்கிறார்கள்' என்று முதல் ஸ்லைடிலேயே போட்டார். எனக்கும் அது நல்ல கண்டுபிடிப்பாகத்தான் தெரிந்தது.

பரமேஸ்வரி விவரம் சொன்னார். அதே லயத்தில் பக்கத்துக் காம்பராவில் அவருடைய அண்ணன் இருக்கிறார். சில மாதங்களாக, வேலைக்கு ஆள் எடுக்கும் காலைப் பெரட்டுக்குப் பேர் கொடுக்க அவர் ஒழுங்காகப் போகவில்லை. வேலைக்குப் போன நாட்களிலும் பாதியில் திரும்பிவிட்டார். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஏசினார், பரமேஸ்வரியும் ஏசினார். அந்த நேரத்தில்தான் மகளின் போனுக்கு லிங்க் வந்து, சோம்பேறித்தனம் என்பதை அமுக்கியிருக்கிறார். போன வாரம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அண்ணனுக்கு இதயத்தில் வால்வு பழுது என்று தெரிந்திருக்கிறது. இவ்வளவு நாளும் எப்படி மலையேறினார் என்று டொக்டர் கேட்டாராம்.

"எங்க அண்ணன நெனச்சித்தான் அமுக்குனேன் மிஸ். ஏழைங்க எல்லாரையும் நெனக்கல."

பார்த்துச் சொல்வதாகச் சொல்லி வைத்தேன். எக்செல் ஷீட்டில் பெண், வயது, பகுதி, தொழில் என்று ஃபில்டர் போட்டேன். ஒன்றுபோல ஐந்து வரிகள் நின்றன. எது அவருடையது என்று கண்டுபிடிக்க வழியில்லை. தவறான வரியில் கை வைத்தால் இன்னொருவரின் பதில் போய்விடும்.

நிர்மலனிடம் சொன்னேன். "ஒருத்தர்ட பதிலால முடிவு மாறாது. விடுங்க," என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரி.

மறுநாள் நானே பரமேஸ்வரிக்கு அழைத்து, அழிக்க முடியாது என்றேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, அண்ணனிடமே விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டதாகச் சொன்னார். அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அவரும் அந்த ஃபோம நெரப்புனாராம் மிஸ். அவரும் அதையேதான் அமுக்கியிருக்காரு. தன்னயே நெனச்சி."

மருந்தை ஒழுங்காக எடுக்கச் சொல்லுங்கள் என்று ஏதோ சொல்லிப் போனை வைத்தேன். பிறகு ஃபில்டரை ஆண் என்று மாற்றினேன். அந்தப் பகுதியில் அண்ணனுடையதாக இருக்கக்கூடிய வரிகளும் சில இருந்தன. ஒவ்வொன்றிலும் சோம்பேறித்தனம் என்ற ஒரே சொல். யார் யாரை நினைத்துச் சொன்னார்கள் என்பது அதில் இல்லை. நான் கேட்கவும் இல்லை.

மீண்டும் நிர்மலனுக்கு அழைத்தேன். இம்முறை முழுவதும் கேட்டார். அப்படியென்றால் தலைப்பு என்ன போடுவது என்றார். எத்தனை பேர் எந்தப் பதிலைத் தெரிவுசெய்தார்கள் என்பதை மட்டும் போடலாம், ஏன் என்று எங்களுக்குத் தெரியாது என எழுதலாம் என்றேன். அரை மனதோடு மாற்றினார். அறிக்கையைச் சமர்ப்பித்த கூட்டத்தில் ஒருவர், கண்டுபிடிப்பு என்று ஒன்றும் இல்லையே என்று கேட்டாராம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பதிலைப் படிக்க முன்னர், நீங்கள் கேட்ட கேள்வியைப் படியுங்கள். அடுத்த சர்வேயில், அந்தக் கேள்விக்குக் கீழே இன்னொன்றைச் சேர்த்தேன். 'இந்தப் பதிலைத் தரும்போது யாரை நினைத்தீர்கள்?' தெரிவுகளில் முதலாவதாக 'என்னை' என்று போட்டேன்.